கேட்டு வாங்கிப் போனவள்

கேட்பதற்கு அவளுக்குக் கூச்சமே கிடையாது. நிரம்பி வழிகிற ஷேர் ஆட்டோவை நிறுத்தி, "கொஞ்சம் தள்ளி உக்காரேன்" என்று கேட்டு ஏறிக்கொள்வாள். டீ வந்ததும் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றச் சொல்லிக் கேட்பாள். தீபாராதனை முடித்து உள்ளே போகிற குருக்களை நிறுத்தி, "சாமி, ஆள் மறச்சிட்டாங்க, இன்னொரு வாட்டி காட்டேன்" என்பாள். அவரும் திரும்பி வந்து காட்டுவார். ஒரு பௌர்ணமியன்று திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது, கிரிவலப் பாதையில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரரிடம் அவர் போட்டிருந்த மழைக்கோட்டையே கேட்டிருக்கிறாள்.

"குடுத்தாரா?" என்றேன்.

"இல்லக்கா. ஆனா வேன்ல ஏறி உக்காந்துக்கன்னாரு." மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள்.

அவள் இப்போது இந்த ஊரில் இல்லை. கம்பெனியில் சமையல் வேலை கிடைத்து ஒரகடம் பக்கம் போய்விட்டாள். அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குள் முதலில் கிளம்புவது பிரியம் என்று சொல்ல ஆசைதான். அது பொறாமை. பிரியம் அப்புறம்தான் வரும், அதுவும் அரைமனதாக.

கேட்கிற விஷயத்தில் நான் அவளுக்கு நேர் எதிர். நானும் என் வீட்டுக்காரரும் தேரடி வீதிக்குப் பக்கத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் கேட்பார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். யாரிடமும் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாமல், வேலூர், சென்னை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். தினமும் கோபுரத்தைப் பார்த்துத்தான் கடையைத் திறப்பேன். ஆனால் கோயிலுக்குள் போய் நின்று, எனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டு, இல்லை என்று ஆகிவிட்டால் அதற்கப்புறம் எங்கே போவது?

அவளை முதலில் பார்த்தபோது அவள் யாரென்று எனக்குத் தெரியாது. நான் யாரென்று அவளுக்கும் தெரியாது. கலெக்டர் அலுவலக வளாகத்தில், குழந்தைகள் நலக் குழு கூடுகிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தோளில் தீபா தூங்கிக்கொண்டிருந்தாள். வெயிலுக்காக அவள் தலைமேல் துண்டைப் போட்டிருந்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து நொண்டியபடி ஒரு பெண் நடந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தத் தண்ணி கொஞ்சம் குடேன். தொண்ட காஞ்சி போச்சி."

அது குழந்தையின் பாட்டில். கொடுக்க மனமில்லை. ஆனால் கேட்டுவிட்டாளே என்று கொடுத்தேன். அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தாள். பாதி குடித்ததும் நிறுத்தி, "பாப்பாக்கு இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"எனக்கும் பொண்ணுதான். கேட்டு வாங்கினு போலாம்னுதான் வந்திருக்கேன்" என்று மூடியிருந்த கதவைக் காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

தீபா எங்களிடம் எப்படி வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையில் கற்பூரக் கடை வைத்திருந்த ஒரு அம்மாள் அவளைக் கொண்டுவந்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். கிரிவலப் பாதையில் மாலையும் கால்வலித் தைலமும் விற்ற ஒருத்தி, 'பெங்களூர்ல கட்டட வேல இருக்குது, அடுத்த பௌர்ணமிக்கு வந்துடறேன்' என்று குழந்தையை அந்த அம்மாளிடம் விட்டுவிட்டுப் போனாளாம். பல பௌர்ணமி வந்து போயும் அவள் வரவில்லை. போனும் போகவில்லை. குழந்தை ஒரு இல்லத்துக்குப் போனது. அந்த இல்லத்துக்கு நாங்கள்தான் மருந்து கொடுத்துவந்தோம். அங்கே சின்னம்மை பரவியபோது, குழுவின் தலைவியாக இருந்த அம்மாள் கடைக்கே வந்து, "இந்த ஒரு குழந்தைக்கு மட்டும் இன்னும் போடல. அம்மை அடங்கறவரைக்கும் வீட்ல வெச்சிக்கறீங்களா?" என்று கேட்டார். இவ்வளவு சின்னக் குழந்தைகளைச் சாதாரணமாக வீடுகளுக்கு அனுப்புவதில்லை. தெரிந்தவர்கள் என்பதால் அனுப்பினார்கள். அம்மை அடங்கியது. குழந்தை எங்களுடனேயே இருக்கட்டும் என்று உத்தரவை நீட்டித்தார்கள். தீபா என்பது இல்லத்தில் வைத்த பெயர். வந்தபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை. என் வீட்டுக்கு வந்த பிறகு, குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்த்துத்தான் முதன்முதலில் 'அம்மா' என்றாள்.

பத்திரிகையில் படம் போட்டும் யாரும் வரவில்லை. இனி குழு விசாரணையை முடித்து, இந்தக் குழந்தையைச் சட்டப்படி தத்துக்குத் தரலாம் என்று அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த அறிவிப்பு வந்துவிட்டால் பெற்றவளுக்கு உரிமை இல்லை. நாங்கள் மனுப் போடத் தயாராக இருந்தோம். அறிவிப்பு வந்தால் அவள் யாரோ. வராவிட்டால் நான் யாரோ. அதற்காகத்தான் அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வந்து தண்ணீர் கேட்டாள்.

உள்ளே தலைவி அம்மாள் அவளை நிற்கவைத்தே கேட்டார். "இத்தனை நாள் எங்கம்மா போன?"

"சாரத்துல இருந்து வுழுந்துட்டேன் மேடம். இடுப்பு வுட்டுப் போச்சி. ஆஸ்பத்திரிலதான் கெடந்தேன். போனு எங்க போச்சின்னே தெரியல. யார் நம்பரும் மனப்பாடமா இல்ல. நடக்க முடிஞ்சதும் வந்துட்டேன்." ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மேஜைமேல் வைத்தாள்.

"கைக்குழந்தைய யாரோ ஒருத்தர்கிட்ட விட்டுட்டுப் போயிருக்க. அது தப்புன்னு தோணலையா?"

"வுட்டுட்டுதான் போனேன் மேடம். தூக்கிப் போடல."

"ஒரு மன்னிப்பாவது கேக்கலாம் இல்ல?"

"கேக்கறேன் மேடம். மொதல்ல என் பொண்ணக் கேட்டுக்கறேன்."

அப்போதுதான் அவள் கண் என் தோளுக்கு வந்தது. துண்டு நழுவியிருந்தது. "பவுனு!" என்றாள். சின்னக் குரல்தான், ஆனால் குழந்தை விழித்துக்கொண்டாள். அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, திரும்பி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என் ஜாக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் வேறெப்போதும் அனுபவித்ததில்லை. எதிரே ஒருத்தி நிற்கவே தெம்பில்லாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதுகூட அந்தச் சந்தோஷத்தைக் குறைக்கவில்லை.

"தீபாவுக்குத் தூக்கக் கலக்கம்" என்றேன், தலைவியிடம்.

"தீபாவா?" என்றாள் அவள். "யாரக் கேட்டு பேர மாத்துனீங்க?"

தலைவி அம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துப் புரட்டினார்.

குழு உடனே ஒன்றும் முடிவு செய்யவில்லை. அவள் சொன்னதை விசாரிக்க வேண்டும், அவளுக்கு இடமும் வேலையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குழந்தை அவளோடு ஒட்டுகிறதா என்று தெரிய வேண்டும் என்றார்கள். அதுவரை வாரம் ஒருநாள் அந்த அலுவலகத்திலேயே ஒரு சின்ன அறையில் அவள் குழந்தையைப் பார்க்கலாம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வேண்டியவள் நான்.

முதல் வாரம் குழந்தை அவளிடம் போகவே இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. அவள் கொண்டுவந்த பொம்மையைத் தொடவில்லை. நான் வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். வீட்டுக்காரர், "இன்னாம்மா விசேஷம்?" என்றார். "சும்மாதாங்க" என்றேன்.

அடுத்த முறை அவள் வெறுங்கையோடு வந்தாள். அருகில் வரவில்லை. சுவர் ஓரமாகத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். என் மடியில் உட்கார்ந்து குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "பவுனு, எனக்கு ஒரு வா குடேன். பசிக்குது" என்றாள் அவள். சும்மா கொஞ்சுவதற்காகக் கேட்பதைப் போல இல்லை. ஒரு பெரிய மனுஷியிடம் கேட்பதைப் போலவே கேட்டாள். குழந்தை தின்பதை நிறுத்தினாள். கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். மடியை விட்டு இறங்கித் தத்தித் தத்திப் போய், எச்சில் பிஸ்கட்டை அவள் வாய்க்கு நேராக நீட்டினாள். அவள் ஒரு ஓரத்தைக் கடித்துக்கொண்டு, "போதும், நீ துண்ணு" என்றாள். குழந்தை மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். எதிரே அவளும் அதே மாதிரி மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் அதுவரை குழந்தைக்கு மட்டுமே சொந்தமானது என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் என்னால் வந்தது என்றுகூட நினைத்திருந்தேன்.

இத்தனை நாள் குழந்தைக்கு நான் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நெய் ஊற்றிப் பிசைந்து, ஊதி ஆற்றி, கையில் பிடிக்கிற அளவுக்குச் சின்னதாக நறுக்கி. எனக்குக் கொடு என்று அவளிடம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அந்தக் குழந்தைக்குக் கொடுக்கப் பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மறுநாள் வீட்டில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "தீபா, அம்மாக்கு ஒரு வா குடேன்" என்று கேட்டுப் பார்த்தேன். கொடுத்தாள். ஆனால் பெற்றவள் சொன்ன அதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தபோது, இன்னொரு வாய் கேட்காமல் எழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாரமும் நிறையக் கேட்பாள். "எப்படிக்கா தூங்குவா? எந்தப் பக்கம் ஒருக்களிப்பா?" "சோத்துல ரசமா, தயிரா?" "எதுக்கு பயப்படுவா?" "பல்லு மொளைக்கறப்போ ஜுரம் வந்துச்சா?" வேறொருத்தியாக இருந்தால், பெற்ற பிள்ளையைப் பற்றி இன்னொருத்தியிடம் போய்க் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டிருப்பாள். இவளுக்கு அந்த ரோஷமெல்லாம் இல்லை. தெரியவில்லை, அதனால் கேட்கிறாள்.

நானும் சொன்னேன். பெட்ஷீட் நுனியைத் திருகிக்கொண்டேதான் தூங்குவாள் என்றேன். மிக்ஸி சத்தம் என்றால் பயம் என்றேன். காது குடையும்போது இடது காதுக்கு மட்டும் அழுவாள் என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்போது, கடையில் ஒவ்வொரு தட்டாகக் காலி செய்து யாருக்கோ கட்டிக் கொடுத்துவிட்டு வருவதைப் போல இருக்கும். அவளுக்குத் தெரியாத ஒன்றாவது என்னிடம் மிச்சமிருக்கிறதா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பேன். இருக்கும். அடுத்த வாரம் அதையும் சரியாகக் கேட்டுவிடுவாள்.

"உனக்குப் பொறாம" என்று இவர் ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கடையை மூடிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஆமாங்க. இருக்குது. உங்களுக்கு இல்லையா?"

இவர் துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டார். "அவ என்னைய அப்பான்னு கூப்பிடறா. அதுக்குப் போட்டிக்கு ஆள் இல்லல்ல" என்றார்.

அவளிடமே பிரியம் வந்த சந்தர்ப்பமும் உண்டு. இடுப்பு வலிக்கு ஏதாவது தைலம் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேயே சுவர்ப் பக்கம் திரும்பித் தேய்த்துக்கொண்டாள். குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்கிவிட்டிருந்தாள். சட்டென்று, "உனக்கு ஏங்கா கொழந்த இல்ல?" என்று கேட்டாள்.

இந்த ஊரில் என்னிடம் இதை நேராகக் கேட்டவர்கள் கிடையாது. 'வீட்ல எத்தன பேரு?' என்று கேட்பார்கள். 'ரெண்டு பேர்தானா? சௌகரியம்தான்' என்பார்கள். விசேஷத்துக்குப் போனால் குழந்தையை என் கையில் கொடுக்காமல் என் பக்கத்தில் இருப்பவள் கையில் கொடுப்பார்கள். அவள் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வர வேண்டும். வரவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மூன்று முறை கரு தங்கிக் கலைந்தது, கடைசி முறை நானே உயிர் பிழைத்தது பெரிய காரியமாகிவிட்டது, அதற்கப்புறம் போதும் என்று இவர் சொல்லிவிட்டது, எல்லாவற்றையும். அவள் ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. தைல வாசனை வீசும் கையால் என் முழங்காலை அமுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அதான் இவள இவ்ளோ நல்லா வெச்சிருக்க" என்றாள். "ஆனா நான் இவளக் கேப்பேங்கா. உனக்காக வுட்டுட மாட்டேன்."

"தெரியும்" என்றேன்.

கீழ்பென்னாத்தூரில் இருந்த அவள் அண்ணன் வந்து பொறுப்பு ஏற்றுக் கையெழுத்துப் போட்டான். அடி அண்ணாமலையில் ஒரு அறை பார்த்துக்கொண்டாள். ஒரு ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கும் வேலைக்கு அவளே போய்க் கேட்டுச் சேர்ந்துகொண்டாள். குழு முடிவு சொல்கிற நாள் வந்தது. இவரும் கடையை அடைத்துவிட்டு என்னோடு வந்திருந்தார். விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டுத் தலைவி அம்மாள் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. எல்லா வாரமும் கூட இருந்தது நீங்கதான். குழந்தை அவங்களோட எப்படி இருக்கா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். 'இன்னும் சரியா பழகல மேடம்' என்று சொன்னால் போதும், இன்னும் சில மாதம் தள்ளிப்போடுவார்கள். அதற்குள் குழந்தை என்னிடம் இன்னும் ஒட்டிவிடுவாள். பெற்றவள் என்றாவது ஒருநாள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் கெஞ்சலே இல்லை. "சொல்லுக்கா" என்றாள், வழக்கமாகக் கேட்பதைப் போலவே.

"நல்லா ஒட்டிக்கிட்டா மேடம். பாக்கற நாள் வந்துட்டா செருப்ப எடுத்துனு வந்து வாசல்ல நிக்கறா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இவர் பிறகு கேட்டார். அது உண்மை, வாயில் அதுதான் வந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெற்றவளிடமே ஒப்படைப்பதென்று உத்தரவானது. அவள் அழவில்லை, எனக்கு நன்றியும் சொல்லவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைக்கப் பார்த்தாள். இடுப்பு தாங்கவில்லை, மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். துணிப்பையை நான் கொடுத்தேன். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, அவ திருகுவான்னியே, அந்தப் பெட்ஷீட்டையும் குடுத்துடேன்."

அது வீட்டில் இருந்தது. அவ்வளவும் போனபின் அதுவாவது இருக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்திருந்தேன். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "அம்மா, வா" என்றாள். நானும் பின்னாலேயே வருகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு ஒருநாள் மதியம், யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறி அடி அண்ணாமலையில் இறங்கினேன். வழியெல்லாம் கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக நான் எனக்கென்று ஒருத்தரிடம் ஒன்றைக் கேட்கப் போகிறேன். கதவைத் தட்டியதும் அவள் வந்தாள். கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. கால்கள் மட்டும் தெரிந்தன.

"ஞாயித்துக்கிழமயில மட்டும் அவள என்கிட்ட வுடுறியா? காலைல வந்து கூட்டினு போறேன். சாயந்தரம் கொண்டாந்து வுட்டுடறேன்" என்றேன்.

அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "வேணாங்கா" என்றாள்.

நான் குழந்தையின் கால்களையே பார்த்தேன்.

"உன்னப் பாத்தா அவ என்னைய வுட்டுடுவாக்கா. இப்பயும் தூக்கத்துல அம்மான்னு எழுந்து, என் மூஞ்சியப் பாத்துட்டு அழறா. உன்னத்தான் தேடறா. எனக்கு வயிறு எரியுது. கொஞ்ச நாள் போகட்டும். நீ வராத." கதவைச் சாத்துவதற்கு முன், "தப்பா நெனச்சிக்காத" என்றும் சொன்னாள்.

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தேன். வலது பக்கம் மலை கூடவே வந்தது. அழ வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் பாதி வழியில் கால்கள் ஏனோ லேசாகிவிட்டன. அவள் வயிறு எரிகிறது. என்னைப் பார்த்து எரிகிறது. பிள்ளை பெற்ற ஒருத்தி, உத்தரவு கையில் வைத்திருப்பவள், என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். என்னை யாரும் அப்படி அம்மாவாக எண்ணிப் பயந்ததில்லை. அதை வைத்துக்கொண்டு நான் நாலு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன் என்றால் நம்புவீர்களா? தூக்கத்தில் குழந்தை என்னைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் தூங்கினேன்.

ஒரு மழைக்காலத்தில் அவளே கடைக்கு வந்தாள். கூடவே பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண். ரெட்டைச் சடை, முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"இருமல் வுடவே மாட்டேங்குதுக்கா. எதுனா நல்ல மருந்தா குடேன்" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவளைப் போல.

நான் அந்தப் பெண்ணையே பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"யாரும்மா இந்த ஆன்ட்டி? உன்னத் தெரியுமா?"

"நீ சின்னப் பாப்பாவா இருந்தப்ப உன்ன வெச்சிருந்தாங்க."

"எதுக்கு?"

"நான் அப்போ இல்லல்ல. அதான்."

"நீ எங்க போன?"

"வுழுந்துட்டேன்."

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டு, மெஷினில் முள் ஆடுவதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான். என் முகத்தில் அவளுக்கு ஒன்றுமே அகப்படவில்லை. அவள் அம்மா அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கவுன்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமயில இட்டாந்து வுடட்டாக்கா? ஞாயிறும் வேல இருக்குது. இப்ப எனக்கு பயமில்ல."

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு நன்றாகப் புரிந்தது. குழந்தையிடம் என்னுடையது எதுவும் மிச்சமில்லை, இப்போது கொடுத்தால் நஷ்டமில்லை. வேண்டாம் என்று அவளைப் போலவே முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். உள்ளே மருந்து எடுத்துக்கொண்டிருந்த இவர்கூட அதைத்தான் எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு?" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கொண்டுவந்து விட்டுப்போனாள். பவுனு என்று கூப்பிட்டேன். வேறு பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது. கூச்சமாக ஒரு மூலையில் உட்கார்ந்தவள், மதியத்துக்குள் வீடு முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். இவருக்கு அதிகம் பேச வரவில்லை. கேரம் போர்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து அவள் முன்னால் வைத்தார். நான் வடை சுட்டேன். நிறையத் தின்றாள். அப்பா என்றோ அம்மா என்றோ அவள் கூப்பிடவில்லை. அங்கிள், ஆன்ட்டி என்றாள். பொழுது இறங்குகிற நேரத்தில், எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறேன் என்று என் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தலையிலிருந்து தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்டில் சத்தம் கேட்டது. "பவுனு!"

ஊசியும் நூலும் தரையில் விழுந்தன. ஒரே ஓட்டம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அம்மா குனிந்து, வலிக்கிற இடுப்போடு, அவ்வளவு பெரிய பெண்ணைத் தூக்கிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு, மகளின் தோளுக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தாள். உற்றுப் பார்த்தாள். அவள் என்ன தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த வயிற்றெரிச்சல் என் முகத்தில் இருந்தது. நான் மறைக்கவில்லை.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. முகம் இளகியது. "அடுத்த வாரமும் இட்டாறேங்கா" என்றாள். என் பதிலுக்கு நிற்காமல், மகளை இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டு, நொண்டியபடி தெருவில் இறங்கினாள்.